மயேந்திரத்து மந்திரம்: கம்பர் காட்டும் வினைத்துணையும் தலைமையும்

1. தோற்றுவாய்

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்துத் தலைச்சோலை என்னும் ஊர் உளது. தலை என்னும் சொல் ஒன்றனைச் சுட்டுவது. சோலை என்னும் சொல் பலவற்றின் தொகுதியைச் சுட்டுவது. ஒரு மரம் எத்துணை உயர்ந்து நிற்பினும் அதனைச் சோலை என்பார் இலர். அம்மலைத் தோட்டங்களில் காப்பிச் செடி நிழலில் வளர்கின்றது. அந்நிழலைத் தருவன சில்வர் ஓக் முதலிய மரங்கள். அம்மரங்களையே கொழுகொம்பாகப் பற்றி மிளகுக்கொடி மேலேறுகின்றது. ஒன்று செய்வதை மற்றொன்று செய்வதில்லை. ஊர்ப்பெயர்க்குக் காரணம் கற்பிப்பது எம் நோக்கமன்று. பலர் கூடிச் செய்யும் வினையில் வேறுபட்ட இயல்புடையார் எங்ஙனம் ஒத்து நிற்றல் வேண்டும்? அவரை ஒத்து நிற்கச் செய்யும் தலைமை எத்தன்மையது? இவ்விரு வினாக்களே ஈண்டு ஆராயப்படும் பொருளாம். ஆராய்ச்சிக்கு நிலைக்களன், கம்பராமாயணத்து மந்திரக் காட்சிகள் மூன்று.

இவ்வினா எமக்கு ஏட்டிலிருந்து தோன்றியதன்று. எம் பிழையிலிருந்து தோன்றியது. சில ஆண்டுகட்கு முன், தலைச்சோலையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் மலையாளி என்னும் மலைமக்களின் பாடல்களையும் முறைப்பெயர்களையும் தொகுத்து வருமாறு மாணவர் ஐவரை அனுப்பினோம். மலையாளி என்பது ஈண்டுக் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் தமிழ்க்குடியினரின் பெயர். அவ்வைவரையும் தேர்ந்தெடுத்தவர் யாமே. தேர்வில் முதல் ஐந்து இடம் பெற்றோரையே தேர்ந்தோம். ஐவரும் நுண்ணறிவினர், ஐவரும் சொல்வன்மை மிக்கோர், ஐவரும் ஐயம் எழுப்புதலில் வல்லோர். இவர் கூடிச் சென்றால் கொண்டுவராத செல்வம் இல்லை என்று எண்ணினோம்.

அவர்கள் கொண்டுவந்தது மிகச் சிறிது. நிகழ்ந்ததைப் பின்னர் அவர்கள் வாயிலாகவே அறிந்தோம். காஞ்சியினின்று போந்த உடன்பிறந்தார் மூவருள் பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சை மலையிலும், சின்னண்ணன் கொல்லி மலையிலும் குடியேறினர் என்பது அம்மக்கள் வழங்கும் மரபுக்கதை. எட்கர் தர்சுட்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் அது குறிக்கப்பட்டுள்ளது. ஊர்ப் பெரியவர் ஒருவர் அக்கதையைத் தம் போக்கில் சொல்லத் தொடங்கினார். ஒரு மாணவர் இடைமறித்து, அச்சிட்ட நூலில் வேறாக உள்ளதே என்றார். மற்றொரு மாணவர், நூல் கூறுவதே பிழை என்றார். மூன்றாமவர் காஞ்சி என்றது எந்தக் காஞ்சி என்று வினவினார். பெரியவர் சற்றுநேரம் மூவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மாடு தேடவேண்டும் என்று எழுந்து போயினார், மீண்டு வந்திலர். மாலைதோறும் மாணவர் தமக்குள் வாதிட்டனர். குறிப்பேட்டை ஒழுங்குபட எழுதும் பொறுப்பை எவரும் ஏற்றிலர். ஒவ்வொருவரும் அது பிறர் வேலை எனக் கருதினர்.

ஐவரும் குறையுடையார் அல்லர். குறை தேர்ந்தெடுத்த எம்முடையது. ஒரே இயல்பை ஐந்து முறை தேர்ந்தெடுத்துவிட்டு, அதனைக் குழு எனப் பெயரிட்டோம்.

2. நூல்வழக்கும் புதுவழக்கும்

தமிழ் நூலோர் இவ்வுண்மையை அறியாதவர் அல்லர். திருக்குறளின் பொருட்பால் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளது. ஆளை ஆராய்ந்து நம்புதல் ஒன்று. ஆராய்ந்த ஆளை உரிய வினையில் அமர்த்துதல் மற்றொன்று. ஒன்று முடிந்தவிடத்து மற்றொன்றும் முடிந்ததாகாது என்பதனாலன்றோ அவை இரண்டாகப் பிரிக்கப்பட்டன? பலவகையாலும் சோதித்துத் தெளியப்பட்டவர்களுள்ளும், வினையில் இறங்கியதும் வேறாகிப்போவோர் பலர் உளர் என்னும் எச்சரிக்கை இரண்டாம் அதிகாரத்திலேயே அமைந்துள்ளது. மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் தேர்ந்த யாம், அவ்வெச்சரிக்கையை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கி வந்தவரே என்பதை நாணத்துடன் குறிப்பிடுகின்றோம்.

ஐம்பெருங்குழு, எண்பேராயம் என்னும் அமைப்புகளும் ஈண்டு நினைக்கத்தக்கன. சிலப்பதிகாரத்தும் மணிமேகலையினும் இவை சுட்டப்பெறும். அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதர், சாரணர் என்னும் ஐவரை ஐம்பெருங்குழு என்று உரையாசிரியர் கூறுவர். நெடிது எண்ணுவோன், சடங்கும் மரபும் காப்போன், அடுபோர் வல்லோன், பிறர் மனங்கொளப் பேசுவோன், பேசாது மறைந்து நின்று கேட்போன் என ஐவரும் ஐவேறு இயல்பினர். ஐவரும் அமைச்சராயிருப்பின் அரசு நன்கு சிந்திக்கும், ஒன்றும் செய்யாது. ஐவரும் சேனாபதியராயிருப்பின் எல்லாம் செய்யும், ஒன்றும் சிந்தியாது.

மேனாட்டிலும் இப்பொருள் ஆராயப்பட்டது. இங்கிலாந்தில் மெரிடித் பெல்பின் என்பார், ஹென்லி நகரத்து மேலாண்மைக் கல்லூரியில் பயின்ற அலுவலரைச் சிறுசிறு குழுக்களாகப் பிரித்து, தொழில் நடத்தும் போட்டிகளில் ஈடுபடுத்திப் பல ஆண்டுகள் உற்றுநோக்கினார். தம் முடிபுகளை 1981இல் நூலாக்கினார். அறிவுத் தேர்வில் உயர்ந்து நின்றாரை மட்டும் திரட்டிச் சில குழுக்களை அமைத்து, அவற்றிற்கு அப்பல்லோ எனப் பெயரிட்டார். அவை எளிதில் வெல்லும் என்பதே எதிர்பார்ப்பு. அவையோ பெரும்பாலும் பின்தங்கின. உறுப்பினர் ஒருவர் கருத்தில் ஒருவர் குற்றங்காண்பதிலேயே பொழுது கழிந்தது, முடிவு பிறக்கவில்லை, இன்றியமையாத சிறுபணிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. தலைச்சோலைக்கு யாம் அனுப்பிய குழுவின் வரலாறும் இதுவே. குழுவினர் ஆற்றும் பங்குகளை முதலில் எட்டாகவும், பின்னர் துறைவல்லுநரையும் சேர்த்து ஒன்பதாகவும் பெல்பின் வகுத்தார். எவ்வியல்புக்கும் அதனை ஒட்டிய குறை ஒன்று உண்டு எனவும், அக்குறையைப் பிறர் இயல்பு ஈடுசெய்யும் எனவும் கொண்டார்.

ஆயினும், வேறுபட்டாரைச் சேர்த்துவிட்டால் மட்டும் குழு ஆகிவிடுமா? வேறுபாடு வலிமையாவது எப்பொழுது, பிளவாவது எப்பொழுது? இவ்வினாவிற்கு வகைப்பாடு மட்டும் விடை தருவதில்லை. இனிக் கம்பரிடம் செல்வோம்.

3. கடற்கரையில் நின்ற குழு

சீதையைத் தேடித் தென்றிசை சென்ற வானரப் படைக்குத் தலைவன் அங்கதன். உடன் சென்றோருள் சிறந்தார் சாம்பவனும் அனுமனும். மூவரும் மூன்று பருவத்தார், மூன்று இயல்பினர். அங்கதன் இளையன், அரசுக்குரியன், மானம் மிக்கவன், விரைந்து முனைபவன், விரைந்து மனம் உடைபவன். சாம்பவன் முதியன், நெடுங்காலம் கண்டவன், உடல் தளர்ந்தும் நினைவு தளராதவன். அனுமன் ஆற்றல் மிக்கவன், கற்றவன், கேளாதவிடத்துப் பேசாதவன்.

குறித்த திங்கள் கழிந்தது, சீதை கிடைத்திலள். அப்பொழுது முதலில் உடைபவன் தலைவனே. வறிதே மீள்வதினும் இறப்பதே தக்கது என்கிறான் அங்கதன். சாம்பவன், நீ வாழ்தற்குரியை என்று தடுக்கிறான். அனுமன் வேறு வழியில் செல்கிறான்: தேடவேண்டிய இடம் இன்னும் உளது, இறத்தலே முடிவாயின் சடாயுவைப் போல் போரிட்டு இறப்போம் என்கிறான். மூவர் சொல்லும் மூன்று இயல்பு. அங்கதன் சொல் பொறுப்புணர்ச்சியினின்று பிறந்தது. சாம்பவன் சொல் காக்கும் கருத்தினின்று பிறந்தது. அனுமன் சொல் வினையைக் கைவிடாத உறுதியினின்று பிறந்தது. ஒன்றில்லையெனின் மற்றவை பயன்படா. அங்கதனது துயர் இன்றேல் காலங்கடந்தமையின் கொடுமை எவர்க்கும் உறைத்திராது. அனுமன் வாயிலிருந்து சடாயுவின் பெயர் வந்திராவிடின், அதனைக் கேட்டுச் சம்பாதி அணுகியிரான். இலங்கை இருக்கும் திசையும் தெரிந்திராது.

அடுத்து வருவது மயேந்திரப் படலம். கடலைக் கடப்பவர் யார் என்னும் வினா எழுகின்றது. நீலன் முதலியோர் தம்மால் இயலாது என்கின்றனர். அங்கதன், கடந்து செல்ல வல்லேன், மீண்டு வரும் வலிமை இல்லை என்கிறான். சாம்பவன், திருமால் உலகளந்த ஞான்று தான் எங்கும் சுற்றி வந்தபொழுது மேருவில் மோதிக் கால் ஊறுபட்ட வரலாற்றைச் சொல்லித் தன் இயலாமையைக் கூறுகிறான்.

இக்காட்சியைப் படிப்போர் பலர் இவ்வுரைகளை அனுமன் புகழுக்கு முன்னுரை எனவே கொண்டு விரைந்து கடந்துவிடுவர். அது பொருந்தாது என்பது எம் கருத்து. இங்கே நிகழ்வது யாது? ஒவ்வொருவனும் தன் எல்லையைத் தானே அவையில் அறிவிக்கின்றான். போர்வீரர் கூடிய அவையில் இயலாது என்று கூறுதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! அதிலும் அங்கதன் கூற்று நுண்ணியது. அவன் முடியும் என்று வீறு பேசவில்லை. முடியாது என்று ஒதுங்கவும் இல்லை. இதுவரை முடியும், இதற்குமேல் முடியாது என அளந்து கூறினான். தலைவனே தன் அளவைச் சொன்ன அவையில்தான் மற்றவர் தம் அளவை அஞ்சாது சொல்ல இயலும். குழுவின் முதல் வலிமை உறுப்பினரின் ஆற்றலன்று. தத்தம் எல்லையை மறையாது கூறத்தக்க சூழலே ஆகும்.

இரண்டாவது, சாம்பவன் செயல். ஆற்றல் வேறு, ஆற்றலை அறியும் ஆற்றல் வேறு. கால் ஊறுபட்ட சாம்பவன் ஒரு முழம் தாவவும் இயலாதவனாயினும், தாவ வல்லான் யார் என்பதை அவனே அறிவான். அவன் அனுமனைப் புகழும் பகுதியை ஊன்றிப் படித்தல் வேண்டும். உடல்வலியை மட்டும் அவன் எண்ணவில்லை. நீதியில் நிற்றல், வாய்மை, புலனடக்கம், கல்வி என்று அடுக்குகின்றான். அவற்றுள் ஒன்று எம் ஆராய்ச்சிக்கு உயிரானது: வேளை வாராதவிடத்து ஒடுங்கி இருக்கவும், வந்தவிடத்துப் பொங்கி எழவும் அறிந்தவன் அனுமன் என்பது. ஒடுங்குதல், எழுதல் என்னும் முரண்பட்ட இரண்டையும் ஒருவனிடத்தே காண்கிறான் சாம்பவன். அனுமன் அதுவரை வாய் திறவாது நின்றதை மறதி என்று மட்டும் கொள்வோர் உளர். சாம்பவனோ அவ்வொடுக்கத்தையும் ஆற்றல்களுள் ஒன்றாகவே எண்ணுகின்றான். பிறர் காணும்பொழுது வெறும் மௌனமாய் இருந்தது, அவன் காணும்பொழுது அடக்கமாயிற்று.

மூன்றாவது, அனுமன் விடை. இப்பணி எனக்கு எளிது என்று அவன் கூறவில்லை. நீங்களே ஏழு கடலையும் தாவி வெல்லத் தக்கவர்கள். அங்ஙனமிருந்தும் என்னை ஏவினீர்கள். இதனினும் பெரும்பேறு யாது என்று சொல்லி விடைவேண்டுகின்றான். இது வெற்றுப் பணிவன்று. இயலாது என்று கூறி நாணி நின்ற வீரர் அனைவரையும் அச்சொல் மீண்டும் வினைக்குள் சேர்த்துக்கொள்கிறது. தாவுவோன் ஒருவனே, ஆயின் ஏவினோர் அனைவரும் ஆயினர். தனிச்சிறப்புடையான் ஒருவன் தன் குழுவைச் சிறுமைப்படுத்தாது செயலாற்றும் முறை இதுவே.

ஆகவே மயேந்திரத்தில் வென்றவன் ஒருவன் அல்லன். அளந்து சொன்ன தலைவன், கண்டு சொன்ன முதியோன், ஏற்றுச் செய்த வீரன் என மூவர் இயல்பும் ஒரு வினையில் முடிந்தன.

4. இரண்டு மந்திரங்கள்

வேறுபட்டார் கூடியிருந்தும் வினை கெடுவதுண்டோ? உண்டு. இராவணன் மந்திரம் அதற்குச் சான்று. அவன் முனிவர், தேவர் முதலாயினாரை அவையினின்று விலக்கிவிட்டே மந்திரம் தொடங்குகின்றான். எஞ்சியோருள் படைத்தலைவன், மகோதரன், வச்சிரதந்தன் முதலியோர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வீரம் பேசுகின்றனர். சொல் வேறு; பொருள் ஒன்று. ஆயினும் அவ்வவை முற்றும் ஒருதன்மையதன்று என்பதைக் கருதுதல் வேண்டும். கும்பகருணன் தமையன் செய்தது பழி என்று இடித்துரைக்கின்றான். வீடணன் சீதையை விடுக்கவேண்டும் என்கின்றான். இடிப்பாரை இல்லாத அவை அன்று அது. இடிப்பார் இருந்தும் கேட்பார் இல்லாத அவை. மாற்றியல்பினர் அங்கே இருந்தனர். அவர்தம் இயல்பு வினைக்குள் நுழைய வழியில்லை. கும்பகருணன் இடித்துரைத்தும் போர்க்கே இசைகின்றான். வீடணன் இரணியன் வரலாற்றை எடுத்துக்காட்டியும் பயனின்றி நகர் நீங்குகின்றான். அறிவுரை கூறுவோன் ஒன்று உடன்பட்டு உயிர் நீப்பான், அன்றேல் பிரிந்து செல்வான். மூன்றாம் வழி இராவணன் தலைமையில் இல்லை.

இனி வீடணன் அடைக்கலம் வேண்டியபொழுது இராமன் கூட்டிய அவையைக் காண்போம். இராமன் முதலில் தன் கருத்தைக் கூறவில்லை. உங்கள் கருத்து யாது என்று வினவுகின்றான். சுக்கிரீவன் ஏற்றல் தகாது என்கின்றான். சாம்பவனும் தகாது என்கின்றான். நீலனும் அவ்வாறே. பிறரும் உடன்படுகின்றனர். மயேந்திரத்தில் அனுமனைக் கண்டு சொன்ன அதே சாம்பவன் இங்கே வீடணனைக் காணத் தவறுகின்றான். இது கம்பர் நமக்குக் கற்பிக்கும் அரிய பாடம். காக்கும் இயல்பு ஓரிடத்தில் வழிதிறக்கும்; மற்றோரிடத்தில் வழியடைக்கும். எவ்வியல்பும் எல்லா இடத்தும் நன்றன்று.

அவை முழுதும் ஒருபுறம் சாய்ந்த பின்னரும் இராமன் முடிவு கூறினானல்லன். இன்னும் பேசாதிருந்த அனுமனை நோக்குகின்றான். அனுமன் மாறுபட்டு உரைக்கின்றான். அவன் உரைக்கு வலிமை தருவது நாவன்மை அன்று. இலங்கையில் தான் நேரிற் கண்ட சான்று. தூதனைக் கொல்லலாகாது என வீடணன் தடுத்ததும், அவன் மனையின் தூய்மையும், அவன் மகள் திரிசடையின் நல்லியல்பும் அச்சான்றுகள். பலர் கருத்தினும் ஒருவன் கண்டது மேலாயிற்று. அதன் பின்னரே இராமன் அடைக்கலத்தின் அறத்தை உரைத்து வீடணனை ஏற்கின்றான்.

முடிவு கூறிய பின்னர் இராமன் செய்த ஒன்று பலர் கருத்திற்படாதது. வீடணனை அழைத்துவர அவன் அனுப்பியது அனுமனை அன்று. முதற்கண் மறுத்த சுக்கிரீவனையே அனுப்புகின்றான். தலைமையின் நுட்பம் இதனில் விளங்குகின்றது. அனுமன் சென்றிருப்பின், வென்ற கட்சியான் வென்றதைக் கொண்டுவந்தான் என்றாகும். மறுத்தோர் மனத்தில் வடு நிற்கும். சுக்கிரீவன் சென்றதனால் மறுத்த கையே தழுவும் கையாயிற்று. இராவணன் அவையில் மாறுபட்டோன் புறத்தே தள்ளப்பட்டான். இராமன் அவையில் மாறுபட்டோன் முடிவைச் செயற்படுத்தும் முதல்வனாக்கப்பட்டான். இரு அவையினும் கருத்துவேற்றுமை இருந்தது. வேற்றுமையை ஆண்ட முறையே வேறு.

5. குறி சூட்டுதலின் குற்றம்

தலைச்சோலைக்கு மறுமுறை குழு அனுப்பியபொழுது யாம் பட்டியலை ஒதுக்கிவைத்தோம். முதன்முறையே எம் நூலகப் பணியாளர் ஒருவர், மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து வரும் ஒரு மாணவியின் பெயரைச் சொல்லி, அந்தப் பிள்ளை போனால் சனங்கள் பேசுவார்கள் என்று கூறியிருந்தார். அம்மாணவியின் மதிப்பெண் நடுத்தரமானது. வகுப்பில் வாய் திறந்து யாம் கண்டதில்லை. நூலகப் பணியாளர் சொல் என்று அதனைப் பொருட்படுத்தாது விட்டோம். எம் அவையிலும் ஒரு சாம்பவன் இருந்தார். யாம்தான் அவரை அவையில் இருப்பவராக எண்ணவில்லை. மறுமுறை அவரையே அழைத்துக் கேட்டோம். இலக்கணம் வல்லார் ஒருவர், எழுத்தும் கணக்கும் ஒழுங்காகப் பேணுவார் ஒருவர், எவரிடத்தும் இனிது பழகுவார் ஒருவர் ஆகியோருடன் அம்மாணவியும் சென்றார்.

அக்குழு பாடல்களுடன் மீண்டது. முதற்குழுவிடம் பாட மறுத்த மூதாட்டி ஒருவர், இம்முறை இரவு நெடுநேரம் பாடினாராம். காரணம் கேட்டபொழுது, “அந்தப் பொண்ணு ஒண்ணும் கேக்காம பக்கத்துல உக்காந்து பட்டாணி உரிச்சுக்கிட்டு இருந்துச்சு, அதான் பாடுனேன்” என்றாராம். இச்சொற்கள் குறிப்பேட்டில் அவ்வாறே பதியப்பட்டிருந்தன. பதிந்தவர் ஒழுங்காக எழுதும் அம்மாணவரே.

யாம் இத்துடன் நிறுத்தியிருப்பின் நன்றாயிருக்கும். ஆயின் மற்றொரு பிழை செய்தோம். அம்மாணவியைக் கேட்பவர் என்று பெயரிட்டோம். அதன் பின்னர்க் கள ஆய்வு எங்கே நிகழினும் கேட்கும் பணி அவருக்கே. கட்டுரை படிக்கும் பணி பிறருக்கு. ஒருநாள் அவர் வந்து, “எப்பொழுதும் நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கவேண்டுமா, ஐயா?” என்று வினவினார். எம்மிடம் விடையில்லை.

இப்பிழை எமக்கு மட்டும் உரியதன்று. 1928இல் அமெரிக்க உளநூலறிஞர் வில்லியம் மௌல்டன் மார்சுட்டன் மக்களின் நடத்தையை நால்வகையாகப் பகுத்தார்: மேற்பட்டு நிற்றல், பிறரை ஈர்த்தல், இணங்கி நிற்றல், நெறிக்கு அமைதல் என்பன. அப்பகுப்பிலிருந்து பிற்காலத்தார் வினாத்தாள்கள் ஆக்கினர். அவை இன்று தொழிலகங்களிலும் அலுவலகங்களிலும் பெரிதும் வழங்குகின்றன. விரைந்து முடிவெடுப்போர், உற்சாகமூட்டுவோர், நிலைத்து உதவுவோர், நுணுகி ஆராய்வோர் எனப் பணியாளரைப் பிரித்து, நால்வரும் கலந்த குழு அமைக்குமாறு அறிவுறுத்துவர். பயனுடைய முறையே, ஒரே இயல்பினரைக் குவிக்கும் பிழையை இது தடுக்கும், எம் முதற்பிழையையும் தடுத்திருக்கும்.

ஆயின் இரண்டு குறைகள் இதன்கண் உள. ஒன்று, இத்தகைய வினாத்தாள் ஒருவன் தன்னைப்பற்றித் தான் கூறுவதை நம்பி நிற்பது. மயேந்திரத்தில் அனுமன் கையில் அத்தாளைக் கொடுத்திருப்பின் அவன் என் எழுதியிருப்பான்? பிறரே கடல் தாவ வல்லார் என்று நம்பியவன் அன்றோ அவன்? தன்னை அறியாத ஆற்றலைத் தாள் அறியாது. உடனிருந்து நெடுநாள் கண்டவனே அறிவான். மற்றொன்று, குறி ஒருமுறை சூட்டப்பட்டால் அதுவே கூண்டாகிவிடும். சாம்பவன் அனுமனை அடங்குபவன் என்று மட்டும் கூறி நிறுத்தியிருப்பின் கடல் கடக்கப்பட்டிராது. பாய்பவன் என்று மட்டும் கூறியிருப்பின், அசோகவனத்தில் மறைந்திருந்து காணும் பொறுமை அவனிடம் எதிர்பார்க்கப்பட்டிராது. இரண்டையும் ஒருங்கே கூறியதே அம்முதியோன் நுண்மை. வகை என்பது ஆளை அறியத் தொடங்கும் வாயில். அறிந்து முடித்த முத்திரை அன்று.

ஒரு தடை எழக்கூடும். காப்பியத் தலைவர்க்குக் கூறியதை இன்றைய பணிக்களத்திற்கு உரைப்பது பொருந்துமோ? இராமன் இறைவனாகப் போற்றப்படுவோன். அவன் ஒப்புக்குக் கேட்டான் என்பாரும் உளர். முன்னரே முடிவு செய்தவன் கேட்டதில் என்ன பயன் என்பது அவர் வினா. கம்பர் பாத்திரங்களை அவ்வாறு நடத்தவில்லை என்பதே எம் விடை. அனுமன் உரை முடிந்த பின்னரே இராமன் உரை தொடங்குகின்றது. கேள்வி வெறும் சடங்காயின் மறுப்புரைகளை அத்துணை வலிமையுடன் கம்பர் அமைத்திருக்க வேண்டியதில்லை. சுக்கிரீவன் அச்சமும் சாம்பவன் ஐயமும் பொருளற்றன அல்ல. பகைவன் தம்பியை நம்புதல் உண்மையிலேயே இடர்மிக்கது. அவ்விடரை அனைவரும் அறிந்த பின்னர் எடுத்த முடிவே அனைவரும் தாங்கும் முடிவாகும்.

6. முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், பலர் கூடிச் செய்யும் வினையின் சிறப்பு உயர்ந்தோரைக் குவிப்பதனாலும் அமைவதில்லை. வேறுபட்டோரை அடுக்குவதனாலும் தானே அமைவதில்லை என்பது பெறப்படும். தலைவன் தன் எல்லையை மறையாது கூறல். முடிவுக்கு முன் வினவுதல். பேசாதாரையும் நோக்கிக் கேட்டல். மறுத்தாரை முடிவுக்குப் பின் தழுவிக்கொள்ளல். ஓர் இயல்பைக் கண்டதனானே ஆளைக் கண்டுவிட்டதாகக் கருதாமை: இவை இருந்தவிடத்து வேற்றுமை வலிமையாகும். இவை இல்லாதவிடத்து இலங்கை அவையேயாகும்.

அம்மாணவியின் வினாவிற்கு யாம் சொல்லால் விடை கூறவில்லை. அவ்வாண்டுக் கருத்தரங்கில், தலைச்சோலை வட்டாரத்து முறைப்பெயர்களைப் பற்றிய கட்டுரையைப் படிக்குமாறு அவரைக் கேட்டுக்கொண்டோம். தொடக்கத்தில் குரல் தாழ்ந்தே இருந்தது. முதற்குழுவில் சென்று பெரியவரை இடைமறித்த மாணவரே ஒலிபெருக்கியைச் சரிசெய்து வைத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்தார். கட்டுரை முடியும்வரை ஒரு வினாவும் எழுப்பிற்றிலர். முடிந்த பின்னர் அவர் எழுப்பிய வினா ஒன்றே. அதற்கு மாணவி கூறிய விடை கட்டுரையினும் சிறந்திருந்தது. கேட்பவர் பேசினார், பேசுபவர் கேட்டார். இருவரிடத்தும் இரண்டும் முன்னரே இருந்தன.

நூலகப் பணியாளர் அவையின் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். சாம்பவனைக் கேளாத குழுவில் அனுமன் இருந்தும் இல்லாதவனே ஆவான் என்பது அன்று எமக்குத் தெளிவாயிற்று. அடுத்த கள ஆய்விற்கு ஆள் தேரும் கூட்டத்தில் அவர்க்கும் ஓர் இருக்கை இடப்பட்டுள்ளது.